விண்ணேறும் வழியும் அதன் விலையும்

ஆறுமுகனேரிக்கும் காயல்பட்டினத்திற்கும் அருகே, உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும் நிலப்பரப்பின் நடுவே, சாகுபுரம் அமைந்துள்ளது. ஆலையால் பிறந்த ஊர் அது. 1950-களின் இறுதியில் தாரங்கதாரா இரசாயன ஆலை இங்கே எழுந்தபோது, அதனை நடத்திய சாகு ஜைன் குடும்பத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காரச்சோடாவும் குளோரினும் பிரித்தெடுப்பது அந்த ஆலையின் முதன்மைத் தொழில். கடற்கரை மணலிலுள்ள இல்மனைட்டைப் பக்குவப்படுத்துவது மற்றொன்று.

வானவூர்தியைப் பற்றிப் பேச வந்தவன் உப்பைப் பற்றிப் பேசுவானேன் என வாசகர் நினைக்கலாம். காரணம் உண்டு. உப்பு நீரின் ஊடாக மின்சாரம் பாயும்போது பிரியும் பொருள்களைத் தனித்தனியே ஒதுக்கினால் காரச்சோடா கிடைக்கிறது. ஒதுக்காமல் ஒன்றோடொன்று வினைபுரிய விட்டால் சோடியம் குளோரேட்டு உண்டாகிறது. அதன்மேல் மீண்டும் மின்சாரத்தைச் செலுத்தினால் பெர்குளோரேட்டு. அதனை அம்மோனியம் உப்போடு சேர்த்து மாற்றினால் அம்மோனியம் பெர்குளோரேட்டு. திண்ம எரிபொருளால் எழும் ராக்கெட்டின் வயிற்றில் நிரப்பப்படும் கலவையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இந்தப் பொருளே. எஞ்சியவை அலுமினியத் தூளும், அனைத்தையும் பிணைக்கும் ரப்பர் போன்ற பசையும். இஸ்ரோவுக்குத் தேவையான அம்மோனியம் பெர்குளோரேட்டைத் தயாரிக்கும் நிலையம் கேரளத்தின் ஆலுவாயில் இயங்குகிறது. ஆக, விண்ணுக்குப் போகும் பாதை ஒருவகையில் உப்பளத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

இப்போது அப்பாதை நம் கரைக்கே வந்துவிட்டது. சாகுபுரத்திலிருந்து திருச்செந்தூரைக் கடந்து தெற்கே சென்றால் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடைபெற்ற விழாவில், நாட்டின் இரண்டாவது விண்கல ஏவுதளத்திற்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 986 கோடி ரூபாய். இதற்கென எடுக்கப்பட்ட நிலம் 2,200 ஏக்கருக்கு மேல். செம்மணல் தேரியும் பனையும் முள்மரமும் நிறைந்த பூமி அது. அதனை அடுத்து மணப்பாடு, அதற்குத் தெற்கே பெரியதாழை, வடக்கே ஆலந்தலை, அமலிநகர் என நம் மக்கள் வாழும் கடலோர ஊர்கள்.

சீறீஅரிகோட்டா இருக்கும்போது இன்னொரு தளம் எதற்கு? இந்தக் கேள்விக்குச் செய்தித்தாள்களில் பெரும்பாலும் தரப்படும் விடை, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது நல்லது என்பது. அது பாதி உண்மைதான். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு அச்சுழற்சி ஓர் உந்துதலைத் தருகிறது. நிலநடுக்கோட்டில் அது வினாடிக்கு 465 மீட்டர். ஆனால் குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவப்படவிருப்பவை பெரும்பாலும் தெற்கு நோக்கிச் சென்று துருவங்களின் மேலாகச் சுற்றிவரும் கலங்கள். அவற்றுக்குக் கிழக்குச் சுழற்சியால் பயன் ஏதுமில்லை. உண்மையான காரணம் இலங்கைத் தீவே. சீறீஅரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இலங்கை கிடக்கிறது. எரிந்து முடிந்த பகுதிகள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பதற்காக, அங்கிருந்து புறப்படும் ராக்கெட்டு முதலில் தென்கிழக்காகச் சென்று, பிறகு தெற்கே திரும்புகிறது. நாயின் பின்னங்கால் போல் வளைந்த பாதை. வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பொருளைத் திருப்புவதற்கு எரிபொருள் வேண்டும்; அந்த எரிபொருளுக்கு ஈடாகச் சுமையைக் குறைக்க வேண்டும். பெரிய ராக்கெட்டு இந்த இழப்பைத் தாங்கும். சிறிய ராக்கெட்டுக்கோ கொண்டுபோகும் சுமையின் பெரும்பகுதியே போய்விடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நோக்கினால் அண்டார்க்டிகா வரை கடலன்றி வேறில்லை.

அப்படிப்பட்ட சிறிய ராக்கெட்டுதான் எஸ்.எஸ்.எல்.வி. உயரம் 34 மீட்டர், குறுக்களவு 2 மீட்டர், புறப்படும்போது எடை 120 டன். 500 கிலோமீட்டர் உயரத்திற்கு 500 கிலோ சுமையைக் கொண்டுசேர்ப்பது இலக்கு. 2022 ஆகஸ்டு 7 அன்று நடந்த முதல் பயணம் தோற்றது. ஒரு பகுதி கழன்றபோது ஏற்பட்ட அதிர்வை உணர்கருவிகள் தவறாகப் புரிந்துகொண்டதால், கலங்கள் வட்டப்பாதைக்கு மாறாக, ஒரு முனையில் பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் விடப்பட்டு அழிந்தன. 2023 பிப்ரவரி 10, 2024 ஆகஸ்டு 16 ஆகிய நாள்களில் நடந்த அடுத்த இரு பயணங்களும் வென்றன. 2025-இல் இதனை உற்பத்தி செய்யும் உரிமை 511 கோடி ரூபாய் ஏலத்தில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திற்குக் கிடைத்தது.

120 டன்னுக்கு 500 கிலோ. அதாவது, பயணி ஒருவரின் எடைக்கு 240 மடங்கு எடையுள்ள வண்டியைக் கட்டி, அதனை ஒரே பயணத்தில் எரித்துக் கடலில் வீசிவிடுவது. இது பொறியாளரின் திறமைக் குறைவால் வருவதன்று. ரஷ்யப் பள்ளி ஆசிரியரான சியோல்கோவ்ஸ்கி 1903-இல் எழுதிவைத்த சமன்பாட்டின் கடுமை அது. எரிபொருளைத் தூக்குவதற்கே எரிபொருள், அதனைத் தூக்க மேலும் எரிபொருள் என்று அந்தக் கணக்கு பெருகிக்கொண்டே போகிறது. அதிலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விண்ணேறுவது என்பது உயரம் ஏறுவதன்று. 500 கிலோமீட்டர் உயரத்திற்குப் பொருளை எறிவது ஒப்பீட்டளவில் எளிது. அது திரும்ப விழுந்துவிடும். விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால் பக்கவாட்டில் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். செலவெல்லாம் அந்த வேகத்திற்குத்தான்.

இதனை மறந்தவர்களின் கதைகள் பல. கனடிய விஞ்ஞானி ஜெரால்டு புல், பழைய கப்பற்படைப் பீரங்கிகளை ஒன்றோடொன்று பற்றவைத்து நீட்டி, 1966 நவம்பரில் ஒரு குண்டை 180 கிலோமீட்டர் உயரத்திற்குச் சுட்டார். விண்வெளியின் எல்லை 100 கிலோமீட்டர் என்பர். அதனைப் பீரங்கி தாண்டிவிட்டது. ஆயினும் சுற்றுப்பாதையில் அதனால் ஒன்றையும் நிறுத்த இயலவில்லை. விமானத்தில் ராக்கெட்டைத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோய் விடும் முறை 1990-இல் பெகாசசு என்னும் பெயரில் வெற்றிபெற்றது. ஆனால் விமானம் தரும் உயரமும் வேகமும் தேவையில் மிகச் சிறு பகுதியே. இதே வழியை நம்பிய வர்ஜின் ஆர்பிட் நிறுவனம் 2023 சனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து நடத்திய முயற்சியில் தோற்று, அதே ஆண்டு ஏப்ரலில் திவாலானது.

இவற்றையெல்லாம் விஞ்சிய ஒரு கனவு, மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் குடியிருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், கடலடியில் மூழ்கிப் பார்க்கும் ஆசையால் 1956-இல் இலங்கைக்கு வந்தவர். 2008-இல் கொழும்பில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். முத்துக்குளித்துறைக்காரர்களான நமக்கு அந்த ஆசை புரியாததன்று. அவர் 1979-இல் வெளியிட்ட புதினம் ஒன்றில், இலங்கையை ஒத்த ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து விண்வெளி வரை கயிறு கட்டி, அதில் மின்தூக்கி போல் ஏறிச்செல்வதாகக் கதை அமைத்தார். கதைக்காகத் தீவை நிலநடுக்கோட்டுக்கே நகர்த்திக்கொண்டார். எழுத்தாளருக்கு நில எடுப்பு எளிது! கருத்து அவருடையதன்று. ரஷ்யப் பொறியாளர் அர்த்சுதானோவ் 1960-இலும், அமெரிக்கர் பியர்சன் 1975-இலும் அதற்குக் கணக்குப் போட்டிருந்தனர். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கலம் பூமியோடு ஒத்துச் சுழல்வதால் நம் தலைக்கு மேல் நிலையாக நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து கீழே ஒரு கயிற்றையும், சமன்செய்ய வெளியே ஒரு கயிற்றையும் விட்டால் ராக்கெட்டே வேண்டியதில்லை.

இடர்ப்பாடு கயிற்றில்தான். எந்தக் கயிற்றையும் போதிய நீளத்திற்குத் தொங்கவிட்டால் தன் எடையாலேயே அறும். மிகச் சிறந்த எஃகுக் கம்பி சில பத்துக் கிலோமீட்டரில் அறும். கெவ்லார் என்னும் இழை 250 கிலோமீட்டர் அளவு தாங்கும். ஒரே தடிமனில் விண்கயிறு கட்டத் தேவையான வலிமையோ 4,960 கிலோமீட்டர். கரிம நுண்குழாய் என்னும் பொருள் கோட்பாட்டளவில் அதனை எட்டக்கூடும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மிக நீண்ட குழாயாக 2013-இல் அறிவிக்கப்பட்டதே அரை மீட்டர்தான். ஜப்பானின் ஒபயாஷி என்னும் கட்டட நிறுவனம் 2050-க்குள் கட்டிமுடிப்போம் என்று 2012-இல் அறிவித்தது. எனக்கு நம்பிக்கையில்லை. எனினும், முடியாது என்பதற்கான காரணம் இயற்கையின் விதியன்று, நூல் நூற்கும் கைத்திறனே என்பதால், கதவு முற்றிலும் மூடப்படவில்லை.

ஆகவே, இன்றைக்குக் கண்ணெதிரே உள்ள புதிய வழி ஒன்றே: எரித்து வீசாமல் திரும்பக் கொண்டுவந்து மீண்டும் ஏவுவது. இதுவும் புதிதன்று. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த அமெரிக்க விண்ணோடம் இந்த வாக்குறுதியோடுதான் பிறந்தது. வாரம் ஒரு பயணம், மலிவான கட்டணம் என்றார்கள். சராசரியாக ஆண்டுக்கு ஐந்து பயணங்கள்கூட நடைபெறவில்லை. மொத்தச் செலவைப் பயணங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 150 கோடி டாலர் ஆயிற்று. 1986-இலும் 2003-இலும் பதினான்கு உயிர்கள் பலியாயின. ஒவ்வொரு முறையும் ஓடத்தைப் பிரித்துப் பழுதுபார்க்க ஒரு பெரும் பணியாளர் படையே தேவைப்பட்டது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. பின்னர் வந்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் ராக்கெட்டு 2015 திசம்பரில் முதன்முறை நிமிர்ந்தபடி தரையிறங்கியது. 2017 மார்ச்சில் பயன்படுத்திய ராக்கெட்டே மீண்டும் பறந்தது. கட்டணம் சரிந்தது. இருவரும் செய்தது மறுபயன்பாடே. வேறுபாடு எங்கே? ஆண்டுக்கு ஐந்துக்கும் நூறுக்கும் உள்ள வேறுபாடுதான் பெரும்பகுதி. அந்த எண்ணிக்கையும் சந்தை தானே தந்ததன்று. தன் சொந்த இணையக் கலங்களை ஆயிரக்கணக்கில் ஏவி அந்நிறுவனமே தனக்குச் சரக்கை உண்டாக்கிக்கொண்டது. இந்தியாவும் இம்முயற்சியில் இறங்கியுள்ளது. சிறகுள்ள மாதிரிக்கலம் ஒன்றை 2016 மே 23 அன்று ஏவிப்பார்த்தது. பின்னர் 2023, 2024 ஆண்டுகளில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், உலங்கூர்தியிலிருந்து விடப்பட்ட கலம் மூன்று முறை தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. ஆயினும் ஆண்டுக்கு ஐந்தாறு முறை ஏவும் நாட்டுக்கு மறுபயன்பாடு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பது ஐயத்திற்குரியதே.

குலசேகரன்பட்டினத்தின் கணக்கையும் இவ்வாறே போட்டுப் பார்க்கலாம். 986 கோடியை வட்டியின்றி இருபது ஆண்டுகளுக்குப் பகிர்வோம். சொல்லப்படுவதுபோல் ஆண்டுக்கு இருபத்து நான்கு ஏவுதல்கள் நடந்தால், ஓர் ஏவுதலுக்குத் தளச்செலவு இரண்டு கோடி ரூபாய். மூன்றே நடந்தால் பதினாறு கோடிக்கு மேல். எஸ்.எஸ்.எல்.வி.யின் விலையே முப்பது, முப்பத்தைந்து கோடிக்குள் இருக்க வேண்டும் என்பது நோக்கம். தளம் மட்டுமே அதில் பாதியை விழுங்கினால் மலிவு எங்கே? 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளில் அது பறந்தது மூன்று முறை. போட்டியும் கடுமையானது. முப்பத்தைந்து கோடிக்கு 500 கிலோ என்றால் கிலோவுக்கு ஏழு இலட்சம். அமெரிக்க ராக்கெட்டில் பலரோடு பங்கிட்டுச் செல்லும் சிறு கலத்திற்கு 2024-இல் கிலோவுக்கு ஆறாயிரம் டாலர் அளவில், அதாவது ஐந்து இலட்சம் ரூபாய் அளவில் கட்டணம் இருந்தது. அது பேருந்து, அது போகும் தடத்தில், அது புறப்படும் நேரத்தில்தான் போகலாம். நம்முடையது வாடகைக் கார். வேண்டிய நாளில் வேண்டிய பாதைக்குக் கொண்டுபோய் விடும். அதற்குக் கூடுதலாகத் தர எத்தனைபேர் வருவர் என்பதில்தான் இத்திட்டத்தின் உயிர் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி, ஒரே துண்டாக அச்சிடப்பட்ட எந்திரத்தோடு 2024 மே 30 அன்று சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்ட அக்னிகுல் போன்ற தனியார் முயற்சிகளும் வளர்ந்தால் எண்ணிக்கை கூடலாம்.

குலசை இத்தகைய கணக்கில் ஒருமுறை தோற்ற ஊர். முதலாம் உலகப்போர்க் காலத்தில், அங்கிருந்த பாரி நிறுவனத்தின் பனஞ்சீனி ஆலைக்காகத் திசையன்விளை முதல் திருச்செந்தூர் வரை ஒரு சிறிய இரயில் பாதை போடப்பட்டது. ஆலை போனபின் ஏற்றுவதற்குச் சரக்கில்லை. 1940-இல் வண்டி நின்றது, தண்டவாளமும் போயிற்று. தேரி மணல் எதையும் மூடிவிடும்.

ரூபாயில் வராத செலவு ஒன்றும் உண்டு. அதனைப் பேசுவதற்கு நம் திருச்சபையின் நினைவிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், காந்த நடுக்கோடு கடந்துசெல்லும் இடத்தில் ஆய்வு ராக்கெட்டு நிலையம் அமைக்க விரும்பிய டாக்டர் விக்ரம் சாராபாய், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தார். அங்கே இலத்தீன் கத்தோலிக்க மீனவர் குடியிருப்பும் புனித மகதலா மரியா ஆலயமும் இருந்தன. நம் கரைக்கு 1542-இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் பணியோடு அத்தலத்தை மரபு இணைக்கிறது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை அணுக, ஆயர் அவரை ஞாயிறு திருப்பலிக்கு வரச்சொல்லி, மக்களிடமே கேட்டார் என்றும், மக்கள் 'ஆமென்' என்றனர் என்றும் அப்துல் கலாம் எழுதியுள்ளார். ஆலயம் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட்டு அங்கிருந்து எழுந்தது. 1968 பிப்ரவரி 2-இல் அந்நிலையம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

இக்கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தக்கதே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 'ஆமென்'னுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது வீடும் கோவிலும் கரையும். கடற்கரையில் வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் பட்டாவில் வருவதில்லை. நிலத்தின் விலை கணக்கிடப்படும்போது அவை விடுபட்டுவிடுகின்றன. நல்லதோ கெட்டதோ, தும்பாவில் மக்கள் முதலில் கேட்கப்பட்டார்கள் என்பதையே நான் அக்கதையின் சாரமாகக் கொள்கிறேன்.

குலசையில் கரையைவிடக் கடலே முக்கியம். ராக்கெட்டு ஏவப்படும் நாளில் அதன் பாதைக்குக் கீழுள்ள கடற்பகுதி படகுகளுக்கு மூடப்படும். உயிர் காக்க அது தேவை. ஆனால் ஏவுதல் குறித்த நாளில் நடப்பது உறுதியன்று. காற்று, மழை, ஒரு கருவியின் தயக்கம் எனத் தள்ளிப்போகும். கடலும் மறுபடி மூடப்படும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டில் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஏற்கெனவே தடை. ஞாயிறுகளில் நம் மக்கள் கடலுக்குப் போவதில்லை. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 260 நாள் அளவு. அதிலும் கச்சான் காற்றும் புயற்சின்னமும் தின்றவை போக எஞ்சுவதே உழைப்பு நாள். இருபத்து நான்கு ஏவுதல்களுக்கு இருபத்து நான்கு நாளா, நாற்பது நாளா என்பது ராக்கெட்டுக்காரருக்குக் கால அட்டவணை, பெரியதாழைக்காரருக்கு அடுப்பு. சிக்கல் என்னவென்றால், தளம் மலிவாக வேண்டுமானால் ஏவுதல்கள் கூட வேண்டும். ஏவுதல்கள் கூடினால் கடல்நாள் குறையும். மலிவின் ஒரு பகுதி மீனவரின் பையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு கடல்நாளின் மதிப்பு இவ்வளவு என்று படகுவாரியாகக் கணித்து, ஒவ்வோர் ஏவுதலின் விலையிலேயே அதனைச் சேர்த்துவிடுவது நடக்காத செயலன்று. முப்பத்தைந்து கோடிக்கு முன்னால் அது சிறு தொகையே. ஏவுதல் தள்ளிப்போனால் மறுநாளுக்கும் அது உண்டு என்று எழுதிவிட்டால், தேதி குறிப்பதிலும் ஒரு பொறுப்பு வரும்.

இக்கரையில் அரசு தன் பெருந்தொழிலுக்குக் கடலை அடைத்து நடத்தியது இது முதன்முறையன்று. தூத்துக்குடியில் 1961-இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, பார்களை முன்னதாகவே அளந்து, மாதிரிச் சிப்பிகளை எண்ணிப்பார்த்து, செலவுக்குக் கட்டும் என்று தெரிந்தால்தான் குளிப்பை அறிவிப்பார்கள். கட்டாதென்றால் பல ஆண்டுகள் காத்திருப்பார்கள். ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் படகுகள் மாலையில் கரை சேர்ந்ததும் சிப்பிகள் கொட்டு எனப்பட்ட வேலியிட்ட இடத்திற்குக் கொண்டுவரப்பட்டு, மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசுக்கு. மூன்றாவது, மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் அன்றைக்கே, அந்தக் கரையிலேயே கொடுக்கப்பட்டது.